யார் வருவார், யார் போவார்: டிரான்ஸ்ஃபர் சீசனில் செய்தியையும் பீலாவையும் பிரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஜூன் பிறந்துவிட்டால் வடசென்னையில் பந்து உதைப்பவர்களைவிடப் பந்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகமாகிவிடுவார்கள். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்து ஓரத்தில், புளியந்தோப்பு டீக்கடை வாசலில், காசிமேட்டில் வலை பின்னுகிற இடத்தில், எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் போனை நீட்டி, "அண்ணே, டீல் முடிஞ்சிடுச்சாம், நாளைக்கு மெடிக்கலாம்" என்பார். ஒருவருக்கு மான்செஸ்டர் யுனைடெட், இன்னொருவருக்கு ஆர்சனல், மூன்றாமவருக்கு பார்சலோனா. எல்லோருக்கும் பொதுவாகத் திட்டிக்கொள்ள நம்ம சென்னையின் எஃப்.சி.

இப்படி ஊகம் செய்வதில் தப்பே இல்லை. மேட்ச் இல்லாத இரண்டு மாதத்தை வேறு எப்படி ஓட்டுவது? ஆனால் பெரும்பாலானவர்கள் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஒரு பெரிய பெயர் காதில் விழுகிறது, அப்புறம் அந்தப் பெயருக்கு அணியில் இடம் தேடுகிறார்கள். ஊகம் சரியாக வர வேண்டுமானால் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் கிளப்பின் தேவை, அப்புறம் கான்ட்ராக்ட், அப்புறம் பணம். பெயர் கடைசியில்தான் வர வேண்டும்.

படி 1: ஜன்னல் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது

ஃபிஃபா விதிப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு இரண்டு பதிவுக் காலங்கள். இவற்றைத்தான் டிரான்ஸ்ஃபர் ஜன்னல் என்கிறார்கள். பெரியது சீசன் தொடங்குவதற்கு முன், சின்னது சீசன் நடுவில். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பொதுவாக ஜூனில் திறந்து ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் நாளிலோ மூடும். நடுவில் ஜனவரி மாதம்.

எல்லா நாட்டு ஜன்னலும் ஒரே நாளில் மூடாது என்பதுதான் இதில் நினைவில் வைக்க வேண்டியது. 2023இல் இங்கிலாந்தில் செப்டம்பர் 1 அன்று மூடியது, சவூதியில் செப்டம்பர் 7 வரை திறந்திருந்தது. அதனால்தான் "மூடிடுச்சு, தப்பிச்சோம்" என்று லிவர்பூல் ரசிகர்கள் மூச்சு விட முடியாமல், சவூதிக் கிளப் கேட்டுக்கொண்டிருந்த தங்கள் நட்சத்திரம் சலாவுக்காக இன்னும் ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தார்கள். வாங்க முடியாத கிளப்பும் விற்கலாம். உங்கள் ஆளை எந்த நாடு கேட்கிறதோ அந்த நாட்டின் தேதியைப் பாருங்கள்.

படி 2: ஒரு தாளில் அணியை எழுதுங்கள்

போனை ஓரமாக வைத்துவிட்டு நோட்டில் பதினொரு இடங்களையும் எழுதி, ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள், இரண்டாம் ஆள், அவர்களுடைய வயது, கான்ட்ராக்ட் முடியும் ஆண்டு என்று நிரப்புங்கள். அரைமணி நேர வேலைதான். அதை முடித்ததும் எங்கே ஓட்டை என்று தானாகவே தெரிந்துவிடும். இடது பேக்கில் ஒரே ஒருவர், அவருக்கும் முப்பத்து மூன்று வயது என்றால், அந்தக் கோடையில் வரும் பத்து வதந்திகளில் இடது பேக் பற்றியதை மட்டும் நம்பிக்கையோடு கவனிக்கலாம். நல்ல ஸ்ட்ரைக்கர் மூன்று பேர் இருக்கிற கிளப்புக்கு நாலாவதாக ஒரு நட்சத்திரப் பெயர் அடிபட்டால், யாரோ ஒருவருடைய சம்பளத்தை ஏற்றத்தான் அந்தப் பெயர் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக் கிளப் என்றால் இன்னொரு வரியும் வேண்டும். பிரீமியர் லீக் அணியில் 25 பேரைப் பதிவு செய்யும்போது, அந்த நாட்டில் வளர்ந்த வீரர் என்ற தகுதி இல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தப் பட்டியலில் இடம் தேவையில்லை. திடீரென்று ஒரு சாதாரண ஆங்கிலேய இரண்டாம் கோல்கீப்பரை வாங்கினால், "இவனை எதுக்குடா வாங்கினானுங்க" என்று கத்துவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

படி 3: கான்ட்ராக்ட் தேதி

டிரான்ஸ்ஃபர் காலத்தில் பொய் சொல்லாத ஒரே விஷயம் கான்ட்ராக்ட் முடியும் தேதிதான் என்பது என் அபிப்பிராயம். ஏஜென்ட் மாற்றிப் பேசுவார், கோச் மழுப்புவார், கிளப் தலைவர் "விற்கவே மாட்டோம்" என்பார். தேதி மாறாது.

1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கான்ட்ராக்ட் முடிந்த வீரரை வாங்க, பழைய கிளப்புக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆனது அன்றிலிருந்துதான். ஃபிஃபா விதியில் இன்னொன்றும் உண்டு: கான்ட்ராக்ட் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வீரர் வேறொரு கிளப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அதாவது ஜூன் 30இல் முடிகிறவர் ஜனவரியிலிருந்தே வெளிநாட்டுக் கிளப்போடு தைரியமாகப் பேசலாம். எம்பாப்பே 2024இல் பாரிஸிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்கு ஒரு யூரோ டிரான்ஸ்ஃபர் கட்டணம் இல்லாமல் போனார். டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டுக்கும் 2025 ஜூனில் லிவர்பூல் கான்ட்ராக்ட் முடிவதாக இருந்தது. கிளப் உலகக் கோப்பையில் ஆட வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் மாட்ரிட் கொஞ்சம் பணம் கொடுத்து சில வாரம் முன்னதாகக் கூட்டிக்கொண்டு போனது. இருவர் விஷயத்திலும் கான்ட்ராக்ட் தேதியைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சியே இல்லை.

ஆகவே நோட்டில் எழுதிய தேதிகளை இப்படிப் படியுங்கள்:

மூன்று வருடத்துக்கு மேல் இருந்தால் விலை எகிறும், கிளப் அசையாது. இரண்டு வருடம் என்றால் புதிய கான்ட்ராக்ட் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், "வேறு கிளப் கேட்கிறது" என்ற செய்தி பெரும்பாலும் அந்தப் பேச்சுக்குப் போடுகிற உரம். ஒரே ஒரு வருடம்தான் பாக்கி என்றால், அந்தக் கோடையில்தான் உண்மையான விற்பனை நடக்கும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் சும்மா போய்விடுவார்.

ரிலீஸ் கிளாஸ், அதாவது இவ்வளவு பணம் கொடுத்தால் வீரரை விட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனை, இருக்கிறதா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2017இல் நெய்மருக்கு 22.2 கோடி யூரோ என்று கிளாஸ் இருந்தது. அவ்வளவு பணத்தை எவன் கொடுப்பான் என்று பார்சலோனா நிம்மதியாக இருந்தது. பாரிஸ் கொடுத்துவிட்டது. அந்த ஜூலையில் அணித் தோழர் பிக்கே, நெய்மரோடு எடுத்த படத்தைப் போட்டு "இங்கேயே இருக்கிறார்" என்று எழுதினார். அடுத்த மாதமே நெய்மர் பாரிஸில் ஜெர்ஸி தூக்கிக் காட்டினார். பக்கத்து லாக்கர்காரர் சொன்னதே இந்த லட்சணம் என்றால், "என் ஃப்ரெண்டோட கஸின் லண்டன்ல இருக்கான்" வகையறாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

படி 4: பணக் கணக்கு

இதை ரொம்ப ஆழமாகப் படிக்க வேண்டாம், ஒரு சூத்திரம் போதும். பத்து கோடி பவுண்டுக்கு ஐந்து வருட கான்ட்ராக்டில் ஒருவரை வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு இரண்டு கோடி என்றுதான் ஏறும். விற்கும்போது வருகிற லாபம் மட்டும் அதே வருடத்தில் மொத்தமாக ஏறும். சொந்த அகாடமியில் வளர்ந்தவனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது, அதனால் அவனை விற்றால் வருவது முழுக்க லாபம். செல்சி 2023இல் மேசன் மவுன்ட்டை யுனைடெட்டுக்கு விற்றதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. "சொந்தப் பையனை விக்கிறானுங்களே" என்று வயிறு எரிவது நியாயம்தான், ஆனாலும் அடுத்து யார் விற்கப்படுவார் என்று ஊகிக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது.

செல்சி அதே வருடம் ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸை எட்டரை வருட கான்ட்ராக்டில் எடுத்தது இந்தச் சூத்திரத்தை இழுத்து நீட்டத்தான். அதற்குப் பிறகு எத்தனை வருட கான்ட்ராக்ட் போட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல் செலவைப் பிரித்து எழுதக் கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா வரம்பு வைத்துவிட்டது.

படி 5: யார் சொன்னது, யாருக்கு லாபம்

எந்த வதந்திக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். செய்தியைப் படித்ததும் "உண்மையா?" என்று கேட்காதீர்கள், "இது வெளியே வந்ததில் யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள். ஏஜென்டுக்கு லாபம் என்றால் அவருடைய ஆளுக்குப் புதுக் கான்ட்ராக்ட் வேண்டியிருக்கிறது. விற்கிற கிளப்புக்கு லாபம் என்றால் ஏலத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். வாங்குகிற கிளப்புக்கு லாபம் என்றால் சீசன் டிக்கெட் விற்பனை ஆரம்பமாகியிருக்கும். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாங்குகிற எண்ணமே இல்லாமல் விலை கேட்கிறவர் அங்கேயும் இருப்பார்.

அடுத்தது, செய்தி எந்த ஊரிலிருந்து வருகிறது. விற்கிற கிளப்பின் ஊர்ப் பத்திரிகையாளரும் வாங்குகிற கிளப்பின் ஊர்ப் பத்திரிகையாளரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அது கனமான செய்தி. ஒருவர் சொன்னதை நாற்பது பேர் திருப்பிப் போட்டால் அது நாற்பது செய்தி ஆகாது. தோண்டிக்கொண்டே போனால் அடியில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்.

நிருபர்களில் ஃபாப்ரிட்சியோ ரொமானோ "ஹியர் வீ கோ" என்று எழுதினால் அநேகமாக எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுகிறார் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அந்த மூன்று சொல் இல்லாமல் அவர் எழுதுகிற மற்றப் பதிவுகளையும் அதே எடையில் எடுத்துக்கொள்வது நம்ம ஆட்கள் செய்கிற வேலை. ஆங்கிலக் கிளப்புகளுக்கு டேவிட் ஆர்ன்ஸ்டீன், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) விஷயத்துக்கு கோவாப் பத்திரிகையாளர் மார்க்கஸ் மெர்குல்ஹாவ் ஆகியோரைப் பார்க்கலாம். பெயரையும் கணக்கையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒரே படம், ஒரே பெயர், நடுவில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக உள்ள போலிக் கணக்குகள் ஜூலையில் காளான் மாதிரி முளைக்கும்.

பெரிய பத்திரிகையில் வந்தாலே உண்மை என்றும் நினைக்க வேண்டாம். 2009 ஜனவரியில் லண்டன் டைம்ஸ் வெளியிட்ட ஐம்பது இளம் நட்சத்திரங்கள் பட்டியலில் முப்பதாவது இடத்தில் மசால் புக்தூவ் என்ற பதினாறு வயது மால்டோவா பையன் இருந்தான். ஆர்சனல் வாங்கப் போவதாகப் பேச்சு. அப்படி ஒரு பையனே உலகத்தில் கிடையாது. யாரோ விளையாட்டாகக் கிளப்பிவிட்ட கட்டுக்கதை பட்டியல் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைவிடப் பெரிய கூத்து 1996இல்: உலகப் புகழ் பெற்ற வீரர் ஜார்ஜ் வேயா பேசுவதாக யாரோ போன் செய்ததை நம்பி சவுத்தாம்ப்டன் அலி தியா என்பவரை எடுத்தது. லீட்ஸுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கியவரை, அதே மேட்ச்சில் வெளியே இழுத்துவிட்டார்கள்.

படி 6: வினைச்சொல்லைப் பாருங்கள்

"ஆர்வம் காட்டுகிறது" என்றால் ஒன்றுமில்லை. உலகத்தில் எல்லாக் கிளப்புக்கும் எல்லா நல்ல வீரர் மேலும் ஆர்வம் உண்டு. "விசாரித்தது" என்றால் ஒரு போன் போயிருக்கிறது. "ஆஃபர் கொடுத்தது" என்றால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். "வீரர் ஒப்புக்கொண்டார்" என்றாலும் இரண்டு கிளப்பும் ஒத்துப்போக வேண்டும், "கிளப்புகள் ஒத்துப்போயின" என்றாலும் வீரர் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டில் மொய்செஸ் கைசெடோவுக்கு லிவர்பூலும் பிரைட்டனும் 11.1 கோடி பவுண்டுக்குப் பேசி முடித்துவிட்டன. கைசெடோ செல்சிக்குத்தான் போவேன் என்றார், போனார்.

மெடிக்கல், அதாவது உடற்பரிசோதனை வரை போனதும் முடிந்துவிட்டது என்று வெடி வெடிக்காதீர்கள். 2013இல் வில்லியன் டாட்டன்ஹாமில் மெடிக்கல் முடித்துவிட்டு செல்சியில் கையெழுத்துப் போட்டார். 2018 ஜூனில் நபில் ஃபெக்கிர் லிவர்பூலுக்கு வருவது மெடிக்கலுக்குப் பிறகு முறிந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று மார்க் கெய்ஹி மெடிக்கலுக்குப் போன பிறகு, அவருக்கு மாற்று ஆள் கிடைக்காததால் கிரிஸ்டல் பேலஸ் பின்வாங்கிவிட்டது. ஒரு டீலுக்குப் பின்னால் இன்னொரு டீல், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று சங்கிலி இருக்கும். கடைசிக் கண்ணி அறுந்தால் மொத்தமும் போச்சு.

படி 7: படத்தை நம்புவதற்கு முன்

வாட்ஸ்அப்பில் வருகிற "ஜெர்ஸி தூக்கிய" படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மார்பில் உள்ள ஸ்பான்சர் பெயர் இந்த சீசனுடையதா? கழுத்துப் பட்டையில் நிழல் ஒரு பக்கம், முகத்தில் நிழல் இன்னொரு பக்கமா? விரல்கள் துணியைப் பிடிக்கும் இடத்தில் மடிப்பு விழுந்திருக்கிறதா? முதுகு எண் ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறதா? இவ்வளவு போதும். விமான நிலையப் படம் என்றால் உடையைப் பாருங்கள். ஜூலை மாதத்தில் தடித்த கோட்டு போட்டிருந்தால் அது ஜனவரிப் படம்.

ஏழு நிமிட ஹைலைட்ஸ் வீடியோவைப் பார்த்து ஸ்ட்ரைக்கரை எடை போடுவதும் இதே ரகம்தான். ஏழு நிமிடத்துக்கு வெட்டி எடுத்தால் எங்கள் ஏரியா செவன்ஸ் டோர்னமென்டில் ஆடுகிற எவனும் ரொனால்டோதான்.

படி 8: சென்னையின் எஃப்.சி.க்குத் தனிக் கணக்கு

ஐரோப்பியக் கிளப்புக்குப் போட்ட கணக்கை அப்படியே நேரு ஸ்டேடியத்துக்குக் கொண்டுவந்தால் தப்பாகும். இங்கே டிரான்ஸ்ஃபர் கட்டணம் கொடுத்து வாங்குவது குறைவு, பெரும்பாலும் கான்ட்ராக்ட் முடிந்தவர்கள்தான் இடம் மாறுகிறார்கள். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. ஆகவே படி 3 இங்கே இரண்டு மடங்கு முக்கியம். நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023இல் ஒடிசாவிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது அப்படித்தான். போன கையோடு ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலும் அவர்தான் போட்டார். சென்னையின் ஏன் அவரை எடுக்கவில்லை என்று இன்றைக்கும் சிலர் சண்டை போடுகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான்.

வெளிநாட்டு வீரர் யார் என்று ஊகிக்க மூன்று துப்பு. ஒன்று, எண்ணிக்கை. 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான். அதனால் ஸ்ட்ரைக்கர், நடுக்களத்தில் ஆட்டத்தைக் கட்டுபவர், சென்டர் பேக் ஆகிய இடங்களுக்குத்தான் வெளிநாட்டிலிருந்து ஆள் வரும். வெளிநாட்டு கோல்கீப்பர் வருகிறார் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு டீயைக் குடியுங்கள்.

இரண்டு, காலண்டர். ஐரோப்பாவில் கான்ட்ராக்டுகள் பெரும்பாலும் ஜூன் 30இல் முடியும். பிரேசிலில் சீசன் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஸ்காட்லாந்திலிருந்து ஜூலையில் ஆள் வருவது இயல்பு. பிரேசிலில் ஆடிக்கொண்டிருப்பவர் ஜூலையில் வருகிறார் என்றால் எப்படி விடுவித்தார்கள் என்று கேளுங்கள்.

மூன்று, கோச். இதுதான் மிக நம்பகமானது. 2019-20இல் நெரியஸ் வால்ஸ்கிஸ் சென்னையினுக்கு 15 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினார். கோச் ஓவன் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் போனார். கோய்ல் 2023இல் சென்னைக்குத் திரும்பினார், அவருடைய பழைய ஆள் ரஃபேல் கிரிவெல்லாரோவும் அதே வருடம் திரும்பினார். புது கோச் பெயர் வந்த அன்றைக்கே அவர் முன்பு நடத்திய அணிகளில் கான்ட்ராக்ட் முடிந்தவர்கள் யார் என்று தேடினால், அறிவிப்புக்கு முன்பே பாதிப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.

சில வருடங்களில் வீரரைவிடப் பெரிய கேள்வி லீக் நடக்குமா என்பதாகவே இருக்கும். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டது, ஆகஸ்டில் சென்னையின் தன் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தது. அப்போதும் சிலர் "நாலு கோடிக்கு ஸ்ட்ரைக்கர் வர்றான்" என்று பீலா விட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் லீக் தேதி, அப்புறம் ஸ்ட்ரைக்கர்.

இந்த இடத்தில் ஏரியா அகாடமி நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. வீரர் ஒருவர் கட்டணத்தோடு வெளிநாட்டுக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம், அப்புறம் வருடத்துக்கு அரை சதவீதம். 12 முதல் 15 வரை நாலு வருடம் பயிற்சி கொடுத்த சின்ன கிளப்புக்கு ஒரு கோடியில் ஒரு லட்சம். ஆனால் பையன் அந்த வருடங்களில் உங்கள் கிளப் பெயரில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் அந்த லட்சம் போயே போச்சு.

படி 9: கடைசி நாள் ராத்திரி

2025 கோடையில் இங்கிலாந்து ஜன்னல் மூடியது அவர்களுக்கு மாலை 7 மணி, நமக்கு இரவு 11.30. குளிர்காலத்தில் அவர்களுடைய இரவு 11 என்றால் நமக்கு விடியற்காலை 4.30. மறுநாள் ஷிஃப்ட் இருப்பவர்கள் ஜனவரியில் தூங்கிவிடுவது நல்லது.

மணி அடித்ததும் எல்லாம் முடிந்துவிடாது. பிரீமியர் லீக்கில் கெடுவுக்குச் சற்று முன் "டீல் ஷீட்" என்ற தாளைத் தாக்கல் செய்தால் மீதிக் காகித வேலைக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் கிடைக்கும். கெடு முடிந்து நமக்கு நள்ளிரவு தாண்டியும் அறிவிப்பு வருவது இதனால்தான். தாள் சரியாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஆகஸ்ட் 31ஐப் பாருங்கள்: டேவிட் டி கெயா மான்செஸ்டரிலிருந்து ரியல் மாட்ரிட் போக எல்லாம் பேசி முடிந்தும், ஸ்பெயின் கெடுவுக்குள் ஆவணம் போய்ச் சேராமல் டீல் செத்தது.

அன்றைய ராத்திரி சத்தத்தில் பெரிய பெயர் எது என்று பார்க்காதீர்கள், நோட்டில் ஓட்டையாக இருந்த இடத்தைப் பாருங்கள். 2025 கடைசி நாளில் யுனைடெட் ரசிகர்கள் முழுக்க அர்ஜென்டினா கோல்கீப்பர் எமி மார்டினஸ் பெயரையே உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை கோல்கீப்பர்தான், அது சரி. ஆனால் கையெழுத்துப் போட்டவர் 23 வயது பெல்ஜியக்காரர் சென்னே லாம்மென்ஸ். இளம் வயது, குறைந்த சம்பளம், நீண்ட கான்ட்ராக்ட். படி 4ஐப் படித்தவர்கள் அந்தப் பெயரையும் பென்சிலில் எழுதி வைத்திருப்பார்கள்.

டீக்கடையில் பந்தயம் கட்டியிருந்தால் மறுநாள் காலையிலேயே கணக்கை முடித்துவிடாதீர்கள். ஜன்னல் மூடுவதற்கு முன்பே கான்ட்ராக்ட் முடிந்து ஃப்ரீ ஏஜென்டாக இருப்பவரை, பின்னாலும் பதிவு செய்ய ஃபிஃபா விதியில் வழி உண்டு. அந்தந்த லீக் அனுமதித்தால் போதும். காயத்தில் ஒரு சென்டர் பேக் விழுந்தால் செப்டம்பர் நடுவிலும் ஒருவர் வந்து சேரலாம், அவர் பெயரை ஜூனிலேயே சொன்னவன் அப்போது பரோட்டா கேட்டு வருவான்.